சுழல்காற்று நடந்த தடம்



மழை ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதை எண்ணிப் பாருங்கள். ஒரே வரிசையில் எட்டு வீடுகள் உள்ள ஒரு லயம். நான்காவது வீட்டின் தகரக் கூரையைக் காணவில்லை. அதன் தகடுகளில் ஒன்று தூரத்துச் செம்பனை மட்டையில் தொங்குகிறது. ஐந்தாவது வீட்டு வாசலிலோ துளசிச் செடிகூடச் சாயவில்லை. இப்படி நேர்ந்த இடங்களில் மறுநாள் காலையில் ஒரு பேச்சு எழும். 'அந்த வீட்டார் நேர்த்திக்கடனை மறந்துவிட்டார்கள்' என்பார் ஒருவர். 'கண்ணேறுதான், வேறென்ன?' என்பார் மற்றொருவர். கூரையை இழந்த குடும்பம் ஊராரின் பழியையும் சேர்த்துச் சுமக்கும்.

காற்று ஒரு வீட்டைத் தொட்டு அடுத்த வீட்டை விட்டுவிடுவது ஏன்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று காற்றைப் பற்றியது. மற்றொன்று ஆணியைப் பற்றியது. இரண்டையும் இன்று பார்ப்போம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கெடா மாநிலத்தின் பெண்டாங் மாவட்டத்தில் ஒரு சுழல்காற்று இறங்கியது. பெண்டாங் தட்டையான நெல் பூமி; கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இடையிடையே சிறு சிறு கம்பங்கள். மேகத்தின் அடியிலிருந்து யானையின் துதிக்கைபோல ஒன்று தொங்கியதையும், அது வயலைக் கடந்து நகர்ந்ததையும் மக்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். வீடுகளின் கூரைகள் பிய்ந்து பறந்தன. அந்தப் படங்களைப் பார்த்த பலர், 'இது அமெரிக்காவில் நடப்பதல்லவா, நம் நாட்டிலுமா?' என்று வியந்தார்கள். நம் நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் நகரங்களையே தரைமட்டமாக்கும் பெருஞ்சுழல்களுக்கு இது சிறிய தங்கை. கடலின் மேல் தோன்றினால் அதையே நீர்த்தூண் என்கிறோம். 2019 ஏப்ரல் முதல் நாளில் பினாங்கின் தஞ்சோங் தோக்கோங் பகுதியில் அப்படியொரு நீர்த்தூண் கரையேறிக் கட்டடங்களின் கூரைகளைப் பெயர்த்தது. மலாய் மக்கள் இத்தகைய காற்றைப் 'புத்திங் பெலியோங்' என்று அழைப்பார்கள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நம் செய்தித்தாள்கள் எதற்கெடுத்தாலும் 'சூறாவளி' என்று எழுதிவிடுகின்றன. சூறாவளி என்பது கடலில் பிறந்து, பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, நாள்கணக்கில் நீடிக்கும் புயல். 2001 டிசம்பர் 27ஆம் நாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கிய 'வாமெய்' அந்த இனம். நாம் பேசும் சுழல்காற்றுக்கு அகலம் சில பத்து மீட்டர். ஆயுள் சில நிமிடம். பள்ளித் திடலில் நல்ல வெயிலில் காய்ந்த இலையையும் புழுதியையும் சுழற்றிக்கொண்டு ஓடுமே, பேய்க்காற்று என்று பிள்ளைகள் சொல்லும் ஒன்று, அதுவும் இதுவன்று. பேய்க்காற்றுக்கு மேலே மேகம் வேண்டியதில்லை. சுழல்காற்றோ ஒரு முனை தரையிலும் மறுமுனை மேகத்திலுமாக நிற்பது.

அது எப்படிப் பிறக்கிறது? பருவக்காற்று மாறுகிற மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர். காலையெல்லாம் வெயில் கொளுத்துகிறது. பிற்பகலில் கடற்பக்கமிருந்து ஒரு காற்று வருகிறது. உள்நாட்டிலிருந்து ஒரு காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில், ஆறும் ஓடையும் கூடுமிடத்தில் சிறு நீர்ச்சுழிகள் தோன்றுவதுபோல, காற்றிலும் சுழிகள் தோன்றும். பெரும்பாலானவை தோன்றிய இடத்திலேயே கலைந்துவிடும். ஆனால் வேகமாக வளர்கின்ற ஒரு மழைமேகம் அச்சுழியின் நேர்மேலே வந்துவிட்டால், அது கீழிருக்கும் காற்றை மேலே இழுக்கும். இழுபட்ட சுழி நீளும். நீள நீள மெலியும். மெலிய மெலிய வேகம் கொள்ளும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றி, கயிறு விரலில் சுற்றிக்கொள்ளும்படி விட்டுப் பாருங்கள். கயிறு குறையக் குறையக் கல் எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது! இங்கும் நடப்பது ஏறத்தாழ அப்படித்தான்.

துதிக்கை தரையைத் தொடவில்லையே என்று எண்ணி யாரும் நிம்மதி அடைய வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் துதிக்கை நீர்த்துளிகளால் ஆனது. காற்றுக்கு உருவம் இல்லை. துதிக்கை பாதி வானத்தில் நிற்கும்போதே கீழே தரையில் புழுதியும் இலையும் தகரமும் சுழலத் தொடங்கியிருக்கும். பார்க்க வேண்டியது தரையைத்தான்.

இனி அது விட்டுச் செல்லும் தடத்துக்கு வருவோம். வலுவற்ற ஒரு சுழல்காற்றின் தடம் 50 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் விநாடிக்கு 10 மீட்டர். அப்படியானால் எந்த ஒரு வீட்டின் மேலும் அது 5 விநாடிக்கு மேல் நிற்பதில்லை. 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். தடத்தின் ஓரம் லயத்தின் நடுவே விழுந்தால் பாதி லயம் உள்ளே, பாதி வெளியே. இதுதான் முதல் விடை. அந்தக் குடும்பம் செய்ததும் செய்யாததும் காற்றுக்குத் தெரியாது.

'ஒரு கம்பத்தை அடித்தது, அடுத்ததைத் தாண்டிக் குதித்து மூன்றாவதை அடித்தது' என்றும் சொல்வார்கள். சில வேளைகளில் சுழல் உண்மையாகவே தளர்ந்து மேலெழுந்து மறுபடி இறங்குவதுண்டு. ஆனால் பல நேரங்களில் அது குதிப்பதே இல்லை. இடையில் உடைப்பதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். வெற்று வயலில் கூரை ஏது? வரப்பில் இறங்கி நடந்து பார்த்தால், வட்டமாகப் படுத்த நெற்பயிரும், வேலியில் சிக்கிய ஒரு துணியும், அது அவ்வழியே நடந்து போனதைச் சொல்லும்.

நம் தோட்டத்து மக்களுக்கு இந்தத் தடத்தைப் படிப்பது மற்றவர்களைவிட எளிது. காரணம், நிரை. பால்மரங்கள் வரிசை தவறாமல் நிற்கும் காட்டில், எந்த மரம் எந்தப் பக்கம் விழுந்தது என்பது எழுத்துப்போலத் தெரியும். ஆண்டின் நடுப்பகுதியில், விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து சுமத்ராப் பக்கமிருந்து ஒரு பெருங்காற்று வருமே, பால்வெட்டுக்குப் புறப்படும் நேரத்தில் மேற்கு வானம் கறுத்துவிடுமே, அது நேராக வீசும் காற்று. அதில் விழும் மரங்கள், பரந்த இடத்தில், ஏறத்தாழ ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடக்கும். சுழல்காற்றில் அப்படியில்லை. விழுந்த மரங்கள் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் கிடக்கும். அப்பட்டையின் இருபுறத்து மரங்களும் நடுக்கோட்டை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்திருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பெரும்பாலான சுழல்காற்றுகள் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகின்றன. சுழல் போகும் திசையைப் பார்த்து நாம் நின்றால், வலப்பக்கத்தில் சுற்றும் வேகமும் நகரும் வேகமும் ஒன்றோடொன்று கூடும். இடப்பக்கத்தில் ஒன்றை ஒன்று கழிக்கும். சுற்றுவது மணிக்கு 100 கிலோமீட்டர், நகர்வது 30 என்றால், வலப்பக்கம் 130, இடப்பக்கம் 70. எதிரெதிரே நிற்கும் இரண்டு வீடுகளுள் ஒன்று தப்பியதற்கு இந்தக் கழித்தலே காரணமாக இருக்கலாம்.

மரத்தை மட்டும் நம்பி முடிவு செய்யவும் கூடாது. வெள்ளை வேர் நோய் கண்ட பால்மரம் சிறு காற்றுக்கே விழும். எனவே விழுந்த மரத்தின் திசையோடு வேரையும் பார்க்கவேண்டும்.

இப்படித் தரையைப் படிக்கும் கலையை அறிவியலாக்கியவர் ஒரு ஜப்பானியர். அவர் பெயர் தெத்சுயா புஜித்தா. 1920இல் கியூஷு தீவில் பிறந்தவர். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாக்கியிலும் அணுகுண்டு விழுந்த சில வாரங்களில், இளம் ஆசிரியராக இருந்த அவர் அந்த இடிபாடுகளைச் சென்று ஆராய்ந்தார். குண்டு வெடித்த இடத்துக்கு நேர்கீழே மரங்கள் நின்றபடியே கரிந்திருந்தன. சற்றுத் தள்ளியிருந்த மரங்களோ, நடுவிலிருந்து நாற்புறமும் கதிர் விரிந்ததுபோல விழுந்து கிடந்தன. அந்தக் காட்சி அவர் மனத்தைவிட்டு அகலவில்லை.

பின்னர் அவர் அமெரிக்கா சென்று சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1974 ஏப்ரல் 3, 4 ஆகிய இரு நாள்களில் அந்நாட்டிலும் கனடாவிலுமாக 148 சுழல்காற்றுகள் அடித்தன. சிறு விமானத்தில் அத்தடங்களின் மேல் பறந்து படமெடுத்த புஜித்தா, ஒரு காட்டில் மரங்கள் சுழன்று விழாமல், நாகசாக்கியில் கண்டதுபோலவே நாற்புறமும் விரிந்து விழுந்திருப்பதைக் கண்டார். அது சுழல்காற்றின் வேலையன்று. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒரேயடியாகக் கீழே கொட்டியதன் வேலை. ஒரு வாளித் தண்ணீரைச் சிமெந்துத் தரையில் தடாலென்று ஊற்றினால் எப்படித் தெறித்து விரியும்! அப்படி. 1975 ஜூன் 24ஆம் நாள் நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஒரு பயணிகள் விமானம் விழுந்து 113 பேர் மாண்டதற்கும் இந்தக் கொட்டுகாற்றே காரணம் என்று அவர் எடுத்துரைத்தார். முதலில் பலர் ஒப்பவில்லை, பிறகு ஒப்பினார்கள். விமான நிலையங்களில் அதைக் கண்டறியும் கருவிகள் வந்தன. விழுந்து கிடந்த மரங்களின் திசையைப் பார்த்தது எத்தனை உயிர்களைக் காத்திருக்கிறது!

நம் ஊர்களில் 'சுழல்காற்று' என்று சொல்லப்படுவனவற்றுள் பல உண்மையில் இந்தக் கொட்டுகாற்றாகவே இருக்கும். கூரை இழந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும், தடத்தைப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

அந்தப் புஜித்தாவே 1971இல் சுழல்காற்றுகளுக்குச் சுழியம் முதல் ஐந்து வரை தரம் வகுத்தார். 2007 முதல் அமெரிக்காவில் அதன் திருத்திய வடிவம் வழக்கத்தில் உள்ளது. அதில் சுழியத் தரம் மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வரை. முதல் தரம் 138 முதல் 177 வரை. இவ்விரண்டையும் 'வலுவற்றவை' என்கிறார்கள். அந்நாட்டில் அடிப்பவற்றுள் மிகப் பெரும்பாலானவை இந்த வகையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சுழலுக்குள் காற்றின் வேகத்தை யாரும் அளந்து இந்தத் தரத்தைக் கொடுப்பதில்லை. மறுநாள் ஆய்வாளர் ஒருவர் தடம் நெடுக நடக்கிறார். எந்த வகை வீடு, எப்படிக் கட்டியது, எது உடைந்தது என்று குறிக்கிறார். இவ்வளவு உடைய இவ்வளவு வேகம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்.

ஆகவே 'வலுவற்றது' என்ற சொல் காற்றைக் குறிக்கிறதேயன்றி வீட்டைக் குறிக்கவில்லை. அமெரிக்காவில் ஏழை மக்கள் பலர், சக்கரத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்திய இலேசான நகர்வீடுகளில் வாழ்கிறார்கள். நாட்டு மக்களில் அவர்கள் சிறு பகுதியே. ஆனாலும் சுழல்காற்றினால் வீட்டுக்குள் இருந்தபடி மாண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் அத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். செங்கல் வீட்டில் நாலு ஓட்டைப் பெயர்க்கும் காற்று, தரையோடு கட்டப்படாத நகர்வீட்டைப் புரட்டிப் போட்டுவிடும்.

நம்முடைய தகரக் கூரைக்கு வருவோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 14 கிலோ விசை கொடுக்கும். 108 கிலோமீட்டரில் அது ஏறத்தாழ 56 கிலோ. ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலமுள்ள ஒரு சிறு வீட்டுக் கூரை 36 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 2 டன்! கூரைமேல் வழுக்கி ஓடும் காற்று இவ்வளவு விசையோடு அதை மேலே உறிஞ்சி இழுக்கிறது. தகடுகளின் எடையோ 200 கிலோகூட வராது. பிறகு கூரையைப் பிடித்து வைத்திருப்பது எது? ஆணி. ஆணி மட்டுந்தான். இதுவே நாம் சொன்ன இரண்டாவது விடை.

கூரை முதலில் போவது நடுவில் அன்று, ஓரத்தில். சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாரத்தை மேலிருந்து இழுவையும் கீழிருந்து தள்ளலும் ஒருசேரத் தாக்குகின்றன. நிழலுக்காக நாம் முன்வாசலில் பிறகு சேர்த்துக் கட்டும் தாழ்வாரம்தான் பல வீடுகளில் கூரைக்கு எமனாகிறது. நாலு மெல்லிய கால்கள், அவசரத்தில் அடித்த ஆணிகள். அது தூக்கப்படும்போது தாய்க்கூரையையும் பிடித்துக்கொண்டு போகிறது. தாழ்வாரத்தைத் தனிக் கூரையாக நிறுத்திவிட்டால், போனால் அது மட்டும் போகும்.

'சன்னல்களைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் வீடு வெடித்துவிடும்' என்று ஒரு பழைய நம்பிக்கை மேல்நாட்டிலும் இருந்தது. அது தவறு என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. திறந்த சன்னல் வழியாகக் காற்று உள்ளே புகுந்து கூரையை உள்ளிருந்தும் தள்ளும். கதவையும் சன்னலையும் அடைத்துத் தாழிடுவதே சரி. அதற்கும் நேரமில்லையென்றால் சன்னலை விட்டுவிடுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள்.

பிள்ளைகளை எங்கே வைப்பது? வலுவற்ற சுழலில் வீடு இடியாமலேயே மனிதர் மாள்வதுண்டு. மரம் விழுந்தும், பறக்கும் பொருள் தாக்கியும். மணிக்கு 100 கிலோமீட்டரில் பறந்துவரும் தகரத் தகடு ஓர் அரிவாள். ஆகவே வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதும், கைப்பேசியில் படமெடுப்பதும், மரத்தடியில் நிறுத்திய வண்டிக்குள் ஒதுங்குவதும் ஆபத்து. வீட்டின் உட்பகுதியில், சன்னல் இல்லாத மூலையில், தரையோடு தாழ்ந்து உட்கார வேண்டும். நல்ல சுவருள்ள சிறிய குளியலறை இருந்தால் அதுவே சிறந்த இடம். கனமான மேசை இருந்தால் அதன் கீழ் புகுந்துகொண்டு, தலையணையாலோ மெத்தையாலோ தலையை மூடிக்கொள்ளுங்கள். வெளிக்காட்டில் அகப்பட்டவர்கள் நிரையை விட்டு வெட்டவெளிக்கு வந்து, மரம் விழுந்தால் எட்டாத பள்ளத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஓடும் கால்வாய் மட்டும் வேண்டாம்.

முன்னறிவிப்பு வருமா என்று கேட்பீர்கள். இடியோடு கூடிய கனமழையும் பலத்த காற்றும் வரும் என்று வானிலைத் துறை சில மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை கொடுக்கிறது.  ஆனால் 50 மீட்டர் அகலமும் 5 நிமிட ஆயுளும் கொண்ட ஒன்று எந்த லயத்தின் மேல் இறங்கும் என்று சொல்ல எந்தக் கருவியாலும் இயலாது. நமக்கு நேரம் இருப்பது காற்று வருமுன், வெயில் காலத்தில்தான். ஓர் ஏணியும் ஒரு சுத்தியலும் போதும். ஒரு தகடு படபடக்கிறதா? ஆணியின் தலை மேலெழுந்து நிற்கிறதா? குறுக்குச் சட்டத்தைக் கரையான் தின்றிருக்கிறதா? ஓரத்து வரிசைகளில் ஆணிகள் நெருக்கமாக இருக்கட்டும். வழவழப்பான ஆணியைவிட முறுக்கு ஆணியும், முறுக்கு ஆணியைவிடத் திருகாணியும் நன்றாகப் பிடிக்கும். கைமரங்களைச் சுவரின்மேல் கிடக்கும் உத்தரத்தோடு இரும்புப் பட்டையால் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. கல்நார்க் கூரையாக இருந்தால் மேலே ஏறாதீர்கள். அது ஆளைத் தாங்காது. அதன் தூளும் நுரையீரலுக்குக் கேடு.

வீடு நம்முடையதன்று, நிர்வாகத்தினுடையது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், முதலாளி கொடுக்கும் வீடுகள் நல்ல நிலையில் பழுதுபார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. வாயால் சொல்வதைவிட, எந்த வீட்டில் எத்தனை தகடு ஆடுகிறது என்று தாளில் எழுதி, நாள் குறித்து, ஒரு படியை வைத்துக்கொண்டு கொடுப்பது மேல்.

காற்று அடித்தே விட்டதென்றால், அறுந்து கிடக்கும் மின்கம்பிக்கு அருகே யாரையும் விடாதீர்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள், எங்கும் ஆணி சிதறிக் கிடக்கும். பிறகு பறந்துபோன தகடுகளைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். ஆணி மரத்திலேயே நின்று, தகட்டில் மட்டும் பெரிய ஓட்டை கிழிந்திருந்தால், ஆணித் தலையின் கீழ் அகலமான வாஷர் இல்லை என்று பொருள். ஆணி வளையாமல் நேராகத் தகட்டோடு வந்திருந்தால், ஆணி குட்டை, அல்லது மரம் உளுத்துவிட்டது. குறுக்குச் சட்டமும் சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தால், தகட்டில் குற்றமில்லை. சட்டத்தைக் கைமரத்தோடு பிணைத்த இடத்தில்தான் குற்றம். நான்காவது வீட்டுக்கு நேர்ந்தது இந்த மூன்றில் எது என்று, தகடுகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் பார்த்துவிட வேண்டும். ஐந்தாவது வீட்டுக் கூரையையும் அதே ஆள், அதே ஆணியைக் கொண்டுதான் அடித்திருப்பார்.